படங்கு

போன ஐப்பசியில்
நானூறு யூரோவுக்குப் பதினொன்று குறைய
சாம்பல் நிறப் படங்கொன்று வாங்கிவந்தார் இவர்.
கேரவனின் அளவுக்கே தைத்தது.
மூச்சுவிடும் துணி என்று பெட்டியில் எழுதியிருந்தது.
மூன்சிங்கன் காற்றுக்கு வாசிக்கத் தெரியாது.

மேட்டுநிலத்தில் தடுக்க ஒரு மரமும் இல்லாமல் வருகிற காற்று
அடிமடிப்புக்குள் கையை விட்டுக்
குளிர்காலம் முழுக்க உதறியது.
இரவுவேலை முடிந்து வந்து படுத்தால்
யாரோ பாயை உதறி உதறி
விரிக்காமலே நிற்பதுபோல ஒரு சத்தம்.

சித்திரையில் அவிழ்த்தோம்.
பக்க யன்னலில்
இரும்பு வளையம் தேய்த்துத் தேய்த்து வரைந்த வெள்ளைப் பிறை.
அலுமாரிக்குள் கறுப்புப் பூஞ்சணம்.
மெத்தைக்கு அடியில்
பொடன்சே ஏரியின் வரைபடத்தைத் துண்டு துண்டாக்கி
ஓர் எலி பிள்ளை பெற்றுப் போயிருந்தது.

"படங்கில் பிழை இல்லை, கட்டினதில்தான்" என்றார்.

எனக்குத் தெரிந்தது தோல்.
பதினேழு வருடம் முதியோர் இல்லத்தில்
இரண்டு மணிக்கொரு தரம் ஆட்களைத் திருப்பிப் படுக்கவைக்கிறேன்.
காற்றுப் படாத இடம் முதலில் வெளுக்கும்.
பிறகு ஊறும்.
பிறகு துணி உரசின இடத்தில்
ஐந்து சதக் குற்றியளவு திறக்கும்.
எந்தப் போர்வையும்
நல்ல எண்ணத்தோடுதான் போர்க்கப்படுகிறது.

இவர் பேருந்து ஓட்டுகிறவர்.
வழியில் கண்ட ஒவ்வொரு கீறலையும்
மாலையில் எழுதிக் கையெழுத்து வைக்கிறவர்.
"காசு கொடுத்து வாங்கின சாமானை
பனியில் அம்மணமாய் விடுகிறதா?"
மூன்று நாள் இதே கதை.
சோற்றுக்கு முன்னும், கோப்பை கழுவும்போதும்,
ஒருமுறை நான் பல் விளக்கும்போது கதவுக்கு வெளியே நின்றும்.

பக்கத்து வீட்டு ஃப்ராவ் ஆல்கையர்
மூடத்தான் வேண்டும் ஹெர் சபேசன் என்றார், ஆலங்கட்டியைக் காட்டி.
எதிர்வீட்டு ப்ரென்ட்லே மூடவே கூடாது என்றார்.
அவருடையது முப்பது வருடம் திறந்தபடி நிற்கிறது,
பாசி பிடித்துத் தவளை நிறத்தில்.
"கழுவினால் போகும்."
கழுவினதை யாரும் கண்டதில்லை.

இந்த வருடம் மூடவில்லை.
நான் வென்றேன் என்று சொல்லமாட்டேன்,
இவர் பேசாமல் விட்டார், அவ்வளவுதான்.
தண்ணீரெல்லாம் வடித்தோம்.
குளிர்பெட்டிக் கதவிடுக்கில் ஒரு துவாய்.
மெத்தைகள் நிமிர்ந்து, ஒன்றையொன்று முட்டாமல்,
கோபித்த விருந்தாளிகள் மாதிரி.
இரண்டு கிண்ணம் உப்பு.
இழுவைத்தண்டின் பிளக்குக்கு மட்டும்
வேலையிடத்து நீலக் கையுறை ஒன்றை மாட்டிவிட்டேன்.
காற்றடித்தால் வெறும் ஐந்து விரலும் ஆடும்,
வா என்றா போ என்றா தெரியாது.

தை பிறந்து நாலாம் நாள் கொட்டியது.
விடிய ஆறரைக்கு வந்து இறங்கினால்
வாசலிலிருந்து கேரவன்வரைக்கும் சப்பாத்துத் தடம்.
கூரை கூட்டியிருந்தது.
ஏணியில் சாய்ந்தபடி எங்கள் முற்றத்து விளக்குமாறு,
பல்லெல்லாம் பனி.

உள்ளே கைவிளக்கு.
மெத்தை இல்லாத பலகையில்
இரண்டு கம்பளிச் சட்டையோடு இருக்கிறார்.
"என்ன?"
"ஈரம் பார்க்கிறேன்."

மடியில் ஈரமானி. எழுபத்தாறு.
கிண்ணத்து உப்புக் கட்டிபட்டு
மேலே ஒரு விரற்கடை தண்ணீர்.
ஒரு சொட்டும் ஒழுகாத கூரைக்குக் கீழே
இவ்வளவும் எங்கே இருந்தது?

நானும் இருந்தேன்.
என் சட்டையில் இன்னும் இல்லத்துச் சவர்க்கார மணம்.
அறை பன்னிரண்டில் இரவு ஒருவர் போனதைச் சொன்னேன்.
"ம்" என்றார்.
யன்னல் மெல்லப் புகாராகியது,
அந்த வெள்ளைப் பிறையும் மறைந்தது.
எழுபத்தெட்டு.

"எழும்பு, நாங்கள் இருந்தால் கூடும்."
"நீங்கள் முதலில்."

எண்பத்தொன்று மட்டும்
ஒருவரும் எழும்பவில்லை.