கோட்டின் தடிப்பு

மேசையில் மூன்று.
பிரித்தானிய நியமம்: முதுகு கிழிந்து பிளாஸ்ரர் ஒட்டியது,
பல்கலைக்கழகத்தில் இதைத் தலைக்கு வைத்துத்தான் படுத்தேன்.
ஐரோப்பிய நியமம்: கடன் தரும் வங்கி கேட்பது.
மூன்றாவது திணைக்களத்தின் மாதிரி வரைபடம்.
நுவரெலியாவுக்கும் அதே கூரை,
ஒட்டுசுட்டானுக்கும் அதே கூரை.

"எந்தப் புத்தகம் எண்டு சொல்லுங்கோ மிஸ்,
கம்பி லொறி கேற்றடியில நிக்குது."
கொந்திராத்துக்காரர் தவயோகம் இருக்கவில்லை, நிற்கிறார்.
கிளிநொச்சி வெயிலோடு டீசல் புகையும்
யன்னலால் உள்ளே வருகிறது.

விழக்கூடாது என்று சட்டம் சொல்லும்.
எத்தனை மில்லிமீற்றரில் விழாது என்று
நியமம்தான் சொல்ல வேண்டும்.
இரண்டும் பேசி முடிந்த இடத்தில்
எனது கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு.

ஒன்றில் சுமையை ஒன்று தசம் நான்கால் பெருக்கு.
மற்றதில் ஒன்று தசம் மூன்று ஐந்து.
இடையிலுள்ள தசம் பூச்சியம் ஐந்துக்குள்
தவயோகத்தாரின் இலாபம் குந்தியிருக்கிறது.
இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் எடுக்கக்கூடாது.
எடுத்தால் கணக்குச் சரிவரும்,
கட்டடம் வராது.

சரி, வங்கியின் புத்தகமே இருக்கட்டும்,
முதற்பக்கம் தொட்டுக் கடைசிவரை.

ஆனால் கூரை.
காற்று வலயப் படத்தை விரிக்கிறேன்.
முழுத்தீவும் உள்ளங்கையளவு.
கரைப்பக்கம் ஒன்றாம் வலயம், புயலுக்கு.
உள்ளே இரண்டாம் வலயம்.
நடுவில் ஒரு கறுப்புக் கோடு.
அளவுகோல் வைத்துப் பார்த்தேன்:
கோட்டின் தடிப்பே நாலு கிலோமீற்றர்.
பாடசாலை அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.
மைக்குள் இருக்கிறது,
நூற்றியெண்பத்துமூன்று பிள்ளைகளோடு.

வலயம்.
இந்தச் சொல்லை முதலில் கேட்டபோது எனக்குப் பதினொரு வயது.
வானொலி சொன்னது.
தரையில் யாரும் கோடு கீறி வைக்கவில்லை.
விசுவமடு தாண்டி அப்பா றக்ரரை நிறுத்தி
ஒரு மொட்டைப்பனையைக் காட்டினார்: "அதுக்கு அங்கால."
அங்கால போனோம்.
பிறகு கோடு நகர்ந்தது.

கணிப்பறிக்கையில் இதற்கு நிரல் இல்லை.
"காற்று: ஒன்றாம் வலயம்" என்று மட்டும் எழுதினேன்.

"இஞ்ச அவ்வளவு காத்து அடிக்காது மிஸ்."
"அடிக்காட்டி நல்லது."
"நாலு லட்சம் கூடும்."
கூடும்தான்.
ஒவ்வொரு சலாகைக்கும் இரும்புப் பட்டி,
வளைக்குப் பன்னிரண்டு மில்லியில் இன்னும் இரண்டு கம்பி.
மலசலகூடத்துக்கு மாபிள் பதிக்க ஒதுக்கிய காசை
அப்படியே தூக்கிக் கூரைக்குப் போட்டேன்.
நல்லதா என்று இப்போதும் தெரியாது.

மேசன் கிறகோரி பட்டிகளை எண்ணிப் பார்த்து
"கூரையைக் கட்டிப்போடுறியளோ, மாட்டைப்போல?" என்றார்.

ஏழு மாதம் கழித்து அதிபரின் கடிதம்,
பதிவுத்தபாலில், பிரதி வலயக் கல்விப் பணிமனைக்கு:
மலசலகூடத் தரை சொரசொரப்பு,
சின்னப் பிள்ளைகளின் கால் உரைகிறது,
பொறுப்பானவர் யாரென அறியத்தரவும்.

ஒன்றரைப் பக்கம்.
கார்த்திகை போய் மார்கழியும் போய்விட்டது.
கூரையைப் பற்றி
ஒரு வரிகூட இல்லை.