பதினேழாம் கிலோமீட்டர்

பதினேழாம் கிலோமீட்டர் என்பதுதான் எங்கள் ஊரின் பெயர்.
சேன் பியேர் கடலிலிருந்து தாம்போன் மலைக்குச்
சாலை அளந்தவர்கள்
வேறு பெயர் யோசிக்கச் சோம்பிவிட்டார்கள்.
செடிகளுக்கு அதுவே போதுமாயிருந்தது:
மூன்றில் லிச்சி, பதினொன்றில் காப்பி,
பதினேழில் பீச், இருபத்துமூன்றில் ஸ்ட்ராபெரி,
இருபத்தேழில் பசுவும் புல்லும் உறைபனியும்.

நாற்றுப்பண்ணையில் சீட்டு எழுதுவது என் வேலை.
தொட்டிக்கு ஓர் எண்.
ஆண்டிலேயே மிகக் குளிர்ந்த இரவு
எவ்வளவு இறங்குமோ
அதுவரை தாங்கும் என்று அர்த்தம்.
வெயிலைப் பற்றி அந்த எண் வாய் திறக்காது.
மற்ற முந்நூற்று அறுபத்துநான்கு இரவுகளும்
சும்மா வந்துபோகிறவை.
ஒரே ஓர் இரவின் பெயரில்
பதிவாகியிருக்கிறது தோட்டம்.

எங்களுக்கு அந்த இரவு ஆடியில் வரும்.
தைப்பனி தரையைத் துளைக்கும் என்ற பழமொழி
கப்பலேறி வந்து
இங்கே தை மாதப் புயலில் நனைந்துபோயிற்று.
அம்மனுக்குக் கூழ் காய்ச்சும் விடியலில்தான்
அடுப்புப் புகையும் எங்கள் மூச்சும் ஒரே நிறம்.
நிறமாயிருந்தது.

மதாம் திஜூ மூன்றாம் முறை வந்தார்.
பீச் மரம் பூக்க மாட்டேன் என்கிறதாம்.
உரம் கேட்டார். மருந்து கேட்டார்.
குளிர் போதவில்லை என்றேன்.
"அது எந்த அலமாரியில் இருக்கிறது?"
சிரித்தோம். பிறகு அவர் கைப்பையை
மூடித் திறந்து மூடினார்.
இருபத்துமூன்றில் தங்கை இருக்கிறாள்,
அங்கே ஒரு கன்று வைக்கலாமா?
வைக்கலாம்.
அங்கேயும் பூக்காவிட்டால்? இன்னும் மேலே?
இன்னும் மேலே எரிமலை, மதாம்.

கொட்டகைக்குப் பின்னால்
சேன் லூயி மண்ணிலிருந்து
யாரோ விதையாகக் கொண்டுவந்த வேம்பு.
ஒவ்வோர் ஆடியிலும் கருகி,
முழங்கால் உயரத்துக்குத் திரும்பி,
வளர்வதே தண்டனைபோல் நின்றது.
இந்த ஆடியில் ஓர் இலைகூடப் பழுக்கவில்லை.
பூசாரி மர்தாயே வந்து முழம் போட்டுப் பார்த்தார்.
"இனி வேப்பிலைக்கு வண்டி பிடிக்க வேண்டாம்,"
கொப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.
எனக்கும் மகிழ்ச்சிதான். பொய் சொல்வானேன்.
கசக்கி மோந்தேன்,
கை முழுக்கக் கசப்பு, நல்ல கசப்பு.

மாலையில் சீட்டுக் கட்டைப் பிரித்தேன்.
பீச் தொட்டிகளில் பதினேழை அடித்துவிட்டு
இருபத்துமூன்று என்று எழுதினேன்.
வேம்புக்குப் பதினேழு.
பென்சிலால்தான்.
போன வருஷம் வரை
மை.