வீடு மாற்றம்

உசிலம்பட்டி வட்டாரக் கல்வி அலுவலகத்தில்
எனக்கு வந்த வேலை அளப்பது.
நொச்சியோடைப்பட்டி ஊர்ப்பள்ளிக்கும்
காலனிப் பள்ளிக்கும் இடையே
எத்தனை மீட்டர் என்று மேலிடம் கேட்டிருந்தது.
நானும் வாட்ச்மேன் தவசியும்
டேப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.
முந்நூற்றுப் பத்து.
நடுவில் ஓடை, முழங்கால் ஆழம்கூட இல்லை,
சீமைக்கருவேலம், செத்த டயர் ஒன்று.
அதைத் தாண்ட
அறுபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

திட்டம் என் கையெழுத்தில்தான் போனது.
ஜூன் முதல் ஒரே பள்ளி, ஒரே பலகை,
பலகையில் தெருப்பெயர் கூடாது.
மணிக்கட்டில் கலர்க் கயிறு கூடாது.
மூன்றாவதை மேலிடம் சொல்லவில்லை,
தலைமையாசிரியை ஜெபக்கனி சொன்னார்:
அகர வரிசையில உக்கார வைப்போம்.
எவனாவது சண்டைக்கு வந்தா
தமிழ் எழுத்தோட போயி மல்லுக்கட்டட்டும்.

முதலில் ஓடை தாண்டியவை பெஞ்சுகள்,
டிராக்டர் டிரெய்லரில், மல்லாந்து.
யாரும் மறிக்கவில்லை.
பிறகு பீரோ, உலக உருண்டை,
சத்துணவுத் தட்டுகள் இருபத்திரண்டு.
தட்டு வந்த சாயங்காலமே
டிசி கேட்டு வந்துவிட்டார்கள்.

ஒருத்தரும் சத்தம் போடவில்லை. அதுதான்.
சட்டைப்பையில் பேனா செருகி வந்தார்கள்.
எழுத ஆளில்லை என்று என்னை அனுப்பியிருந்தார்கள்.
விலகும் காரணம் என்ற கட்டத்தில்
என்ன போட என்றேன்.
"வீடு மாத்துறோம் சார்."
முப்பத்தொரு தடவை எழுதினேன், வீடு மாற்றம்.
ஒரு வீடும் அசையவில்லை.
அதே தெருவில், அதே வேம்படியில்
மறுநாள் ஏழரைக்கு வந்து நின்றது மஞ்சள் வேன்.

என் மகனும் அப்படியொரு வேனில்தான் போகிறான்,
திருமங்கலத்தில்.
அதை அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அரசுப் பள்ளி தூரம் என்று சொல்லியிருப்பேன்.
டேப் வைத்து அளந்ததில்லை.

அறிக்கை அனுப்பினேன்:
இணைப்பு சுமுகமாக நிறைவேறியது,
மாணவர் ஐம்பத்து மூன்று.

மூன்றாம் வகுப்பில்
ஓவியாவுக்குப் பக்கத்தில் இடம் காலி.
வரிசைப்படி அது ஒச்சம்மாவுடையது.
ஒச்சம்மா வேனில் இருந்தாள்.
ஏழு மாசம்
வேறு பிள்ளையை அங்கே நகர்த்தவில்லை ஜெபக்கனி.
ஓவியா அந்த இடத்தில்
தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டாள்.

தை பிறந்து ஒச்சம்மாவின் அம்மா வந்தார்.
மனசு மாறியெல்லாம் வரவில்லை.
பருத்தியில் மாவுப்பூச்சி,
இரண்டு டேர்ம் வேன் பீஸ் பாக்கி.
மறுசேர்க்கைக்கும் காரணம் என்றொரு கட்டம் உண்டு.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பேனாவைப் பார்த்தேன்.
வீடு மாற்றம்.

பாட்டில் தரைக்கு இறங்கியது.
குறிலும் நெடிலும் ஒரே பெஞ்சில்.
ஒ. ஓ.
கீழே ஒரு சுழிதான் வித்தியாசம்.

அடுத்த வாரம் ஆய்வுக்குப் போனால்
பெஞ்சின் நடுவே சாக்பீஸ் கோடு.
பகீரென்றது.
மற்ற பெஞ்சுகளைப் பார்த்தேன், எல்லாவற்றிலும் இருந்தது.
முழங்கை தாண்டினால் கிள்ளு;
நான் படித்த காலத்துச் சட்டம்,
எந்த அரசாணையிலும் இல்லாதது.
ஆனாலும் இந்தக் கோடு அந்தக் கோடுதானா என்று
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.

பாதிக்கு மேல் அழிந்திருந்தது.
ஓவியாவின் முழங்கை வெள்ளை.
ஒச்சம்மாவின் சட்டையிலும் கொஞ்சம்.
முதலில் தாண்டியது யார் என்று
கேட்க வாயெடுத்தேன்.
சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.
தட்டை எடுக்க ஓடினார்கள்,
என்னை இடித்துக்கொண்டு.