இன்னும் இல்லை

"யாரையாவது அடித்தாரா?"
அந்தப் பெண்ணின் குரலில் களைப்பு.
அவளுக்குப் பின்னால் இன்னொரு போன் அடிக்கிறது.
"இன்னும் இல்லை."
"தன்னைத் தானே ஏதாவது?"
"இன்னும் இல்லை."
"அப்படியானால் அவராக வந்தால்தான், மேடம்."

அவனாக எப்படி வருவான்?
பேருந்துக் கதவு திறக்கும் சீறலில்
தன் பெயரைக் கேட்கிறவன்.

ரெய்னோ, என் தம்பி.
சுப்பீரியர் ஏரித் துறைமுகத்தில்
கப்பலுக்குப் பாலம் தூக்குகிற வேலை.
இரும்புத்தாது ஏற்றிய கப்பல்
நெடிலும் குறிலுமாய் ஊதும்.
அதே நெடிலில் அதே குறிலில்
இவன் பதில் ஊத வேண்டும்.
பதினோரு வருடம் ஊதினான், ஒரு மாத்திரை பிசகாமல்.

பிறகு ஒரு நவம்பரில்
கப்பல் போய்ப் புகையும் கரைந்த பின்
பதில் சொல்லிக்கொண்டே இருந்தான்.
நாற்பது நிமிடம் பாலம் இறங்கவில்லை.
இரண்டு கரையிலும் வண்டிகள், ஒரு பள்ளிப் பேருந்து.

தூக்கம் போதவில்லை, பாவம் என்றார் மேலாளர்.
ஹெய்க்கினென் வம்சத்துப் பிடிவாதம் என்றார் அப்பா.
அம்மா காபி வைத்தாள்.
எனக்கு அந்த வாரம் மினியாபோலிசில் ஒரு பயிற்சி.
போனேன்.
இந்த வரியை விட்டுவிட்டால்
கவிதை இன்னும் நன்றாக இருக்கும்.

ஜன்னல்களுக்கு அலுமினியத் தாள் ஒட்டினான்.
ஃபிரிட்ஜ் முணுமுணுக்கிறதென்று வயரைப் பிடுங்கி
பாலையும் வெண்ணெயையும் வெளியே பனியில் புதைத்தான்.
கடைவாய்ப் பல்லுக்குள் யாரோ பேசுகிறார்களென்று
அதைக் குறடால் பிடுங்கி
ஜாம் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்கி நீட்டினான்:
"கேள். இப்போது இங்கே பேசுகிறது."
வாங்கிக் காதில் வைத்தேன்.
பொய் சொல்ல வாய் வரவில்லை,
உண்மை சொல்லவும்.

"இது நோய், ரெய்னோ" என்றேன் ஒருநாள்.
"உனக்கும் சம்பளம் தருகிறார்களா?"
அதற்குப் பிறகு இரண்டு வருடம்
கதவடியில் ரொட்டியும் கம்பளிக் காலுறையும்
வைத்துவிட்டுத் திரும்பினேன்.
ரொட்டி போய்விடும். காலுறை அங்கேயே கிடக்கும்.

ஜனவரியில் கப்பல் ஓடாது.
ஏதோ ஒன்று கூப்பிட்டதென்று
உறைந்த ஏரிமேல் வெறுங்காலோடு நடந்தான்.
பனியில் துளையிட்டு மீனுக்குக் காத்திருந்த ஒருவர்
தன் கூடாரத்தில் இழுத்துப் போட்டார்.
ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஓடினார்கள்.
கறுத்துப்போன இரண்டு கால்விரல்களுக்கு
மூன்று டாக்டர்கள், ஒரு இரவு.
விரல்கள் எதையும் மறுக்கவில்லை.
மனத்துக்கு ஒரு தாள் நீட்டினார்கள்,
வேண்டாம் என்றான்.
காலையில் கட்டுப்போட்ட காலோடு
பேருந்துச் சீட்டு கொடுத்து அனுப்பினார்கள்.
காரணம் எழுதும் கட்டத்தில்: வழுக்கி விழுந்தது.

ஏப்ரலில் அப்பாவின் தோளெலும்பு.
பாட்டிலை எடுக்கப் போனார், அவ்வளவுதான்.
இவனைப் போன்றவர்களில் பெரும்பாலோர்
யாரையும் தொடமாட்டார்கள்,
தங்களைத்தான் கொஞ்சம் கொஞ்சமாய் இழப்பார்கள்.
ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
மறுபடி போன் செய்தேன். அதே குரல்.
"யாரையாவது அடித்தாரா?"
"ஆமாம்."
அவள் பெருமூச்சு விட்டது
நிம்மதியைப் போலவே கேட்டது. எனக்கும்தான்.

போலீஸ் வண்டி, நீதிபதி, ஊசி.
ஆறு வாரம்.
ஆறே வாரத்தில் ஃபிரிட்ஜ் வெறும் ஃபிரிட்ஜ் ஆனது.
அதற்கு முன் ஏழு வருடம்.
இந்தக் கணக்கைப் பாத்திரம் கழுவும்போது போடுகிறேன்,
விடை ஒவ்வொரு தடவையும் அதேதான்.

"எனக்கு இப்போது எத்தனை வயது?"
"நாற்பத்து நான்கு."
"அம்மா?"
சொன்னேன். மூன்றாவது முறையாக.

நேற்று விடுதி அறையில் உட்கார்ந்திருந்தோம்.
ஜன்னலில் துறைமுகம் பாதி தெரியும்.
பருவத்தின் முதல் கப்பல் ஊதியது.
கையிலிருந்த காபி அசையாமல் நின்றது.
"உனக்கும் கேட்டதா?"
"கேட்டது. கப்பல்தான்."
தலையசைத்தான்.
மேஜைமேல் ஒரு விரலால்
பதில் தட்டினான்.
மருந்து நடுக்கத்தில்
எது நெடில் எது குறில் என்று
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.