பழைய எண், புதிய எண்

தை பிறந்ததும்
மேகத்தில் இடம் வாங்கினேன்.
மாதம் நூற்றுமுப்பது ரூபாய்.
மழையில் கொருக்குப்பேட்டைக் கடைக்குள் தண்ணீர் ஏறி
சிபியுவின் கால் நனைந்த பயம்.

பங்குனியில்தான் கவனித்தேன்
எல்லாம் இரண்டிரண்டாக இருப்பதை.
வாடகை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம்.
பெயர் மாற்றம், பெயர் மாற்றம்.
ஒன்றின் ஓரத்தில் பச்சை டிக்.
மற்றது வெறும் நெற்றி.

டைப்படிக்கும் டெல்பினைக் கூப்பிட்டு
"ரெண்டு ரெண்டா தெரியுதும்மா" என்றேன்.
"இன்னாண்ணா, மூணு மணிக்கேவா?"

இந்த ஊருக்கு இது புதுசில்லை.
எங்கள் தெருவில் கதவுக்கு இரண்டு எண்.
நான் பழைய ஏழு, புதிய பதினாறு.
பழைய பதினாறில் இருக்கிற லேத்துக்காரர்
என் எல்ஐசி கடிதங்களை
மாதம் ஒருமுறை கொண்டுவந்து தருவார்,
பிரித்துப் படித்துவிட்டு.

பச்சையை அழித்தேன்
எப்படியும் மேலே இருக்குமே என்று.
மேலேயும் போய்விட்டது.
ஒருவரும் சொல்லவில்லை.
சொல்லித்தான் இருப்பார்கள்,
'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொடுக்கியது நான்.
படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க என்று
தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற நான்.

குப்பைத் தொட்டியிலிருந்து
ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது
கஜபதி வந்தார், உயில் நகல் கேட்டு.

அவருக்கும் இரண்டு.
பச்சை இல்லாதது தையிலேயே நின்றுவிட்டது.
அதில் மாடிப் போர்ஷன்
தம்பி தேசிங்குக்கு.
பச்சையில் அந்தப் பத்தி இல்லை.
மாசியில், மோட்டார் கரண்ட் பில் சண்டைக்கு மறுநாள்
நின்றுகொண்டே எடுக்கச் சொன்னார்.
நான்தான் எடுத்தேன்.
ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் போதும்,
நாலு வரி பின்னாலிருந்து கரையும்.

இப்போது இரண்டும் திரையில், பக்கத்தில் பக்கத்தில்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.
தம்பி பெயர் இருந்த வரியில்
அவர் விரல் பட்டுத் திரை
எண்ணெய்க் கறையானது.

"எதை பிரிண்ட் போடட்டும்?"

"ஒரு பக்கம் எவ்ளோ?"

"அஞ்சு ரூபா."

வெளியே கேட் போட்டார்கள்.
துறைமுகத்திலிருந்து கூட்ஸ்.
இந்தப் பக்கம் ஆட்டோக்கள், தண்ணி லாரி,
சைக்கிளில் ஐஸ் மூட்டையோடு ஒருவன்.
எப்படியும் போக முடியாது என்று
ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டெல்பின் தாள் வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தாள்.
நான் கஜபதி முகத்தைப் பார்த்தேன்.
அவர் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தார்,
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
நடுவில் விட்டுப்போய்
மறுபடி முப்பத்தெட்டு.