பதினொரு நிமிடம் கூடுதல்

அதே படத்தை நான்கு தடவை வாங்கியிருக்கிறேன்.

முதலாவது, ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்கு மேலே
பாரூக் நானாவின் கடையில்,
வீசீடி, எண்பது ரூபாய்.
இடைவேளையில் எழுந்து தட்டு மாற்ற வேண்டும்.
கதாநாயகி கதவைத் திறக்கப் போகும் இடத்தில்
படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.
கதவுக்குப் பின்னால் என்ன என்று
எத்தனையோ வருடம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, ஆறு படம் ஒரே தட்டில், நூறு ரூபாய்.
தியேட்டரில் யாரோ எழுந்து போகும் தலை
திரைக்குள்ளேயே நடந்து போகும்.

மூன்றாவது ஒரிஜினல். கொழும்பில், தொள்ளாயிரத்து ஐம்பது.
கதவு திறந்தது.
பின்னால் ஒரு கொடி, கொடியில் ஈரத் துணி.

நான்காவது
சிறப்புப் பதிப்பு.
தகரப் பெட்டி, மூன்று தட்டு, நாற்பத்தெட்டுப் பக்கப் புத்தகம்,
யாருக்கும் அனுப்ப மனம் வராத ஐந்து தபாலட்டை.
மூடியில் பொன்னெழுத்து:
இரண்டாயிரத்தில் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு.
அதோடு, இதுவரை எவரும் காணாத
பதினொரு நிமிடம்.
பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.

நான் போட்டோக்கொப்பிக் கடைக்காரன்.
பக்கம் இருபது ரூபாய்.
ஒரு பிரதிக்கு என்ன அடங்கும் என்று
எனக்கா தெரியாது?
தொள்ளாயிரத்து இருபது பக்கம் அடித்த காசு அது.

யோகமலரிடம் பதினெட்டை எட்டு என்றேன்.
"கொழுந்து கிலோவில் கணக்குப் போடாதே" என்றும் சொன்னேன்.
அவள் போடவில்லை.
காஸ் சிலிண்டரில் போட்டாள்.

தபால் கந்தோரில் சுங்கம் வேறு, மூவாயிரத்து நூற்றைம்பது.
சுமனாவதி மிஸ் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.
"உள்ளுக்கு தங்கமா?"
"படம், மிஸ்."
"படம் போன்ல சும்மா வருதே."
வருகிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அன்றிரவு நல்ல மழை. தட்டைப் போட்டேன்.
திரை முழுக்க நீலம், நடுவில் ஒரு வெள்ளை வரி.
டிலுக்ஷி வாசித்துச் சொன்னாள்:
"இந்த டிஸ்க் நம்ம வலயத்துக்கு இல்லையாம்ப்பா."

உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து
துண்டுக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்களாம்.
காசு மட்டும் எந்த வலயத்திலிருந்தும் போகும்.

வலயம்.
வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன்.
உள்ளே ஒரு லயம் இருந்தது.
பத்தடிக் காம்பரா, வாசலில் கான்,
கந்தோர்க் கடிதமொன்றை விரித்துப் பிடித்தபடி அப்பா.
இந்த நாட்டுக்கு இல்லையாம்.
அன்றைக்கும் யாரோ வாசித்துத்தான் சொன்னார்கள்.

ஒப்பிட வரவில்லை. அது நாடு, இது படத்தட்டு.
ஆனாலும் அந்த வாக்கியத்தைக் கேட்டதும்
கை தன்பாட்டில் பழைய இடத்துக்குப் போய்
சட்டைப்பையைத் தடவுகிறது.

கம்பனிக்கு எழுதினேன்.
என் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

டிக்கோயாவிலிருந்து மைக்கேல்ராஜ் வந்தான்.
ரிமோட்டில் ஐந்து இலக்கம் அமுக்கினான்.
கூலி முந்நூறு, ஒரு பிளேன்டீ.
அவ்வளவுதான் அந்தப் பூட்டு.

நான்கு பேரும் பாயில் உட்கார்ந்து
பதினொரு நிமிடத்தையும் பார்த்தோம்.
கதாநாயகன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான்.
பஸ் வரவில்லை.
நாய் ஒன்று வருகிறது, அவனை மோந்துவிட்டுப் போகிறது.
கடிகாரத்தைப் பார்க்கிறான். மறுபடியும் பார்க்கிறான்.
வெட்டியவன் தெரிந்துதான் வெட்டியிருக்கிறான்.
"இத நம்ம சந்தியில தினமும் பாக்கலாமே" என்றாள் யோகமலர்.
மைக்கேல்ராஜ் சிரித்தான்.
எனக்குச் சிரிக்க வரவில்லை, பிறகு வந்தது.

பெட்டிக்குள் இப்போது பிறப்புச் சான்றிதழ்கள்,
ஈபிஎஃப் துண்டு,
நான்காக மடித்த அப்பாவின் பிரஜாவுரிமைக் கடதாசி.
மூடி சரியான இறுக்கம்.
கரண்டிக் காம்பு போட்டுத்தான் நெம்ப வேண்டும்.

நேற்று ஓர் அறிவித்தல்:
ஐப்பசியில் வெள்ளிவிழாப் பதிப்பு,
பதினான்கு நிமிடம் கூடுதல்.

மூன்று நிமிடம் அதிகம்.
பஸ் வந்துவிடும் போலிருக்கிறது.