வடக்கு எந்தப் பக்கம்

சனிக்கிழமை பெர்கனில் பேருந்து ஏறும்போதே மழை.
ஞாயிறு மாலைவரை எங்களோடுதான் இருந்தது,
பெயர் கொடுக்காமல் வந்த பதினோராவது ஆளாக.

கூடாரத்துக்கு முளையடிக்கக் கற்றோம்;
சேறு ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்தது.
ஈரமான பிர்ச் பட்டையில் தீ பிடிக்க
இருபத்தேழு குச்சிகள் ஆயின.
நோவாவை வைத்துச் செய்த கேலிகள்
மதியத்துக்குள் தீர்ந்துபோயின.

இரவு நடை. வரைபடம் ஐவின் கையில்.
ஒரே ஓடையை மூன்றாம் முறை கடந்ததும்
நின்றான்.
தலைவிளக்கை அணைத்துவிட்டுச் சொன்னான்:
"தப்பு என்னுடையது. அப்போதே தெரியும்."

வாராவாரம் ஆலயத்தில்
எல்லோரும் சேர்ந்து முணுமுணுக்கும் வாக்கியம்தான்.
தனியாக ஒருவன் சொல்லி
இப்போதுதான் கேட்கிறேன்.

மன்னித்தோம் என்று யாரும் சொல்லவில்லை.
சுன்னிவா சாக்லேட்டை உடைத்து
பெரிய துண்டை அவனிடம் நீட்டினாள்.
திசைகாட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.
முள் நடுங்கியது, நடுங்கியது,
பிறகு ஒரு பக்கமாய் நின்றது.

காலையில் தார்ப்பாய்க்கு அடியில் திருவிருந்து.
போதகர் பிட்குமுன்பே அப்பம்
நனைந்து விண்டு கிடந்தது.

பேருந்தில் எல்லோரும் தூங்குகிறார்கள்.
என் காலணிக்குள்
இன்னும் அந்த ஓடை.